தொட்டி இருக்கு, மீன் எங்கே? – 43 நாள் குறிப்பு

தொட்டி வந்து 43 நாள் ஆகிறது. இன்னும் ஒரு மீன் விடவில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் கண்ணாடி முன்னால் குனிந்து இடமும் வலமும் தேடிவிட்டு, "கல்லுக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்கா?" என்று கேட்கிறார்கள். அம்மாதான் ஒரே வரியில் முடித்தார்: "மீனாட்சி ஊர்ல இருந்துக்கிட்டு மீனில்லாம தொட்டி வச்சிருக்கான். பொத்தாமரைக் கொளம்னு நெனப்பு."

பொற்றாமரைக் குளத்தில் மீன் கிடையாது என்பது மதுரையில் பிள்ளைகளுக்கும் தெரிந்த கதை. அந்தக் குளத்து மீனைத் தின்ன மனம் வராமல் பட்டினி கிடந்த நாரைக்குச் சொக்கர் முத்தி கொடுத்தார். இனி இதில் மீனே இருக்கக் கூடாது என்று நாரை வரம் வாங்கிக்கொண்டது. நான் எந்த நாரைக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. எனக்கு வேறு கணக்கு.

இரண்டு வருஷம் முன்னால் மகள் கேட்டாள் என்று கண்ணாடிக் கிண்ணமும் நாலு தங்கமீனும் வாங்கினேன். "நைட்டு தண்ணி புடிச்சு வைங்கண்ணே, காலைல மீன விட்றலாம்" என்றார் கடைக்காரர். அப்படியே செய்தேன். மூன்றாம் நாள் ஒன்று மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூச்சு வாங்கியது. ஆறாம் நாள் நாலும் போய்விட்டன. மகள் முருங்கை மரத்தடியில் புதைத்து அதன்மேல் கோலம் போட்டாள். ராசியில்லை என்று விட்டுவிட்டோம். ராசியெல்லாம் இல்லை, அந்த மீன்கள் தங்கள் கழிவிலேயே மூச்சுமுட்டிச் செத்தன என்பது பிறகு படித்துத்தான் புரிந்தது.

மீன் செவுள் வழியாகவும் கழிவு வழியாகவும் அம்மோனியாவை விட்டுக்கொண்டே இருக்கும். குளம், கண்மாயில் அதைத் தின்ன ஒருவகை பாக்டீரியா உண்டு. அது அம்மோனியாவை நைட்ரைட் ஆக்கும். நைட்ரைட்டும் விஷம்தான். அதைத் தின்ன இன்னொரு வகை. அது நைட்ரேட் ஆக்கும். நைட்ரேட்டை மீன் ஓரளவு தாங்கும், வாராவாரம் கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் போதும். புதுத் தொட்டியில் இந்த இரண்டு கூட்டமும் கிடையாது. முதலில் அவற்றைக் குடியேற்றிவிட்டு அப்புறம் மீன் என்பதுதான் இந்த முறை வேலை.

தொட்டி இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். விளிம்புக்குக் கீழே வரை நிரப்பினால் 48 லிட்டர். தண்ணீர், கண்ணாடி, மணல், கல் எல்லாம் சேர்ந்து எழுபது கிலோவைத் தாண்டும் என்பதால் டிவி மேசையில் வைக்கும் யோசனையைக் கைவிட்டு, வெல்டிங் பட்டறையில் இரும்பு ஸ்டாண்ட் அடித்தேன். அடியில் ஒரு தெர்மாகோல் அட்டை. மொட்டை மாடியில் ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் நிரப்பி வைத்துக் கசிவில்லை என்று பார்த்துவிட்டுத்தான் கீழே இறக்கினோம். வீடு கட்டியபோது மிஞ்சிய ஆற்று மணலை எட்டுத் தண்ணீரில் அலசினேன். கல்லுக்கு மேலூர்ப் பக்கத்துக் கிரானைட் துண்டுகள். மணலிலும் கல்லிலும் வினிகர் விட்டுப் பார்த்தேன், நுரைக்கவில்லை. நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது என்று அர்த்தம்.

மீன் இல்லாமல் பாக்டீரியாவுக்குச் சாப்பாடு எங்கிருந்து வரும்? வெளிநாட்டில் சுத்தமான அம்மோனியா பாட்டில் வாங்கி ஊற்றுகிறார்கள். அல்லது அம்மோனியம் குளோரைடு. அந்த இரண்டாவது பெயரைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் பஞ்சில் தொட்டுத் தேய்க்கும்போது குப்பென்று வெள்ளைப் புகை கிளம்புமே, அந்த நவச்சாரம்தான் இது! கீழமாசி வீதிப் பக்கம் ஒரு நாட்டுமருந்துக் கடையில் கேட்டேன். "ஈயம் பூசவா, பத்தவைக்கவா?" என்றார். மீன்தொட்டிக்கு என்று சொல்ல வெட்கப்பட்டு, பத்தவைக்க என்று சொல்லி வாங்கி வந்தேன்.

அளவுதான் முக்கியம். 48 லிட்டரில் 2 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 2 மில்லிகிராம், வர வேண்டுமானால் 96 மில்லிகிராம் அம்மோனியா வேண்டும். நவச்சாரத்தின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகத்தான் அம்மோனியா இருக்கிறது. ஆக ஒரு வேளைக்கு 300 மில்லிகிராம் நவச்சாரம், ஒரு சிட்டிகைகூட வராது. அதை வீட்டுத் தராசில் நிறுக்க முடியாது. தெற்காவணி மூல வீதியில் நகைப் பட்டறை வைத்திருக்கும் பள்ளிக்கூட நண்பனிடம் போய்ச் சரியாக 10 கிராம் நிறுத்துக்கொண்டேன். "இதுக்கா கீழமாசி வீதி வரைக்கும் போன? எங்கிட்டயே கெடக்கேடா" என்றான். பட்டறைச் சரக்கில் செம்புத் தூள் கலந்திருக்கும், அது மீனுக்கு ஆகாது என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்தப் பத்துக் கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, பாட்டிலில் ஊற்றி, "குடிக்கக் கூடாது" என்று சிவப்பு மையில் எழுதி ஒட்டினேன். ஒரு வேளைக்கு 30 மில்லி. குழந்தை இருமல் மருந்து மூடி மூன்று.

கடைச் சரக்கு எவ்வளவு சுத்தமோ என்ற சந்தேகம் இருந்ததால் முதலில் பக்கெட்டில் கணக்குப் போட்டு ஊற்றிச் சோதித்தேன். அம்மோனியா பார்க்கும் சொட்டு மருந்தில் 2 பிபிஎம்முக்கான பச்சையே வந்தது. (மீன் இருக்கும் தொட்டியில் இந்த வேலையைக் கனவிலும் செய்யாதீர்கள்.)

1-ம் நாள். தண்ணீர் விஷயத்தில்தான் முதல் தப்பைச் செய்தேன். எங்கள் ஆனையூர் வீட்டு போர் தண்ணீர் நல்ல உப்பு, பருப்பு வேகாது. மாநகராட்சிக் குழாயில் வருவதில் குளோரின் இருக்கும். மீனுக்கு நல்லதாகக் கொடுப்போமே என்று ஆர்ஓ தண்ணீர் கேன் இரண்டரை வாங்கி ஊற்றினேன். காற்று பம்பு, ஸ்பாஞ்ச் ஃபில்டர் போட்டு, 30 மில்லி நவச்சாரத் தண்ணீர் விட்டேன். கொடி நாட்டியாகிவிட்டது.

4-ம் நாள். ஓடிக்கொண்டிருக்கும் பழைய தொட்டியின் ஸ்பாஞ்ச் கிடைத்தால் அதிலுள்ள பாக்டீரியா விதைநெல் மாதிரி. பாதி நாள் மிச்சம். எங்கள் தெரு முனையில் ஜெராக்ஸ் கடை அண்ணன் ஐந்தாறு வருஷமாகத் தொட்டி வைத்திருக்கிறார். போனில் சொல்லிவிட்டு, அழுக்குத் தண்ணீரைப் பிடித்துவரப் பால் தூக்கோடு போனேன். ஸ்பாஞ்ச் ரோஜாப்பூ மாதிரி இருந்தது. "நீ வாங்க வர்றன்னு நல்லா பைப் தண்ணில கும்மி, மாடில ரெண்டு நாள் காய வச்சேன் தம்பி" என்றார். குளோரின் ஒரு பக்கம், பங்குனி வெயில் ஒரு பக்கம். அதில் எதுவும் பிழைத்திருக்காது. அவர் முகத்தைப் பார்த்து ஒன்றும் சொல்ல மனம் வரவில்லை. டீ குடித்துவிட்டு வந்தேன். இரண்டு நாள் கழித்துப் போய் அவர் தொட்டியின் அடி மணலில் ஒரு கைப்பிடி கேட்டு வாங்கி, கொசுவலைத் துணியில் முடிந்து என் தொட்டியில் போட்டேன். "கழுவித் தரட்டா?" என்றார். வேண்டாம் என்று கத்தியே விட்டேன்.

8-ம் நாள் வரை ஒன்றுமே இல்லை. சோதனை இப்படி: கண்ணாடிக் குழாயில் 5 மில்லி தொட்டித் தண்ணீர், முதல் பாட்டிலில் எட்டுச் சொட்டு, இரண்டாவதில் எட்டுச் சொட்டு, மூடிக் குலுக்கி ஐந்து நிமிஷம். மஞ்சள் என்றால் அம்மோனியா இல்லை. பச்சை ஏற ஏற அதிகம். தினமும் அதே பச்சை. ஒரு ராத்திரி மஞ்சளாகத் தெரிந்து குதித்தேன்; அடுப்படியின் மஞ்சள் பல்பு செய்த வேலை. அதிலிருந்து வாசல் படியில், காலை வெளிச்சத்தில், வெள்ளைத் தாளைப் பின்னால் பிடித்துத்தான் பார்க்கிறேன். எதிர்வீட்டு அக்கா என் மனைவியிடம், "அண்ணனுக்குச் சுகரா?" என்று விசாரித்திருக்கிறார்.

11-ம் நாள். அம்மோனியா பாதியாகிவிட்டது. நைட்ரைட் சோதனைக் குழாய் (அதில் நீலம் என்றால் நைட்ரைட் இல்லை) வான நீலத்திலிருந்து லேசாகக் கத்தரிப்பூ நிறத்துக்கு மாறியது. முதல் கூட்டம் குடியேறிவிட்டது. 13-ம் நாள் அம்மோனியா கிட்டத்தட்ட இல்லை. இன்னொரு 30 மில்லி. 15-ம் நாள் மறுபடி. ரொம்பத் தெம்பாக இருந்தேன்.

17-லிருந்து 23 வரை. அப்படியே நின்றுவிட்டது. அம்மோனியா 1 பிபிஎம்மில் உட்கார்ந்துகொண்டு நகரவே இல்லை. பம்பு ஓடுகிறது, தண்ணீர் 31 டிகிரி, குறையென்று எதுவும் தெரியவில்லை. நவச்சாரத்தில்தான் கோளாறோ என்று நாட்டுமருந்துக் கடைக்காரரைத் தேவையில்லாமல் மனசுக்குள் திட்டினேன். ஏழாம் நாள்தான் பிஎச் (7-க்குக் கீழே போனால் தண்ணீர் அமிலம்) பார்க்கத் தோன்றியது. 6-க்கு வந்திருந்தது.

அப்போதுதான் கேன் தண்ணீரின் வண்டவாளம் தெரிந்தது. அம்மோனியாவை நைட்ரைட் ஆக்கும் வேலையில் அமிலம் உண்டாகும். தண்ணீரில் பைகார்பனேட் இருந்தால் அது அமிலத்தை வாங்கிக்கொண்டு பிஎச்சை இறங்கவிடாது. ஆர்ஓ இயந்திரம் உப்பை எடுக்கும்போது இதையும் சேர்த்தே எடுத்துவிடுகிறது. இருந்த கொஞ்சநஞ்சமும் மூன்று வேளை நவச்சாரத்தில் தீர்ந்துபோய், பிஎச் சரிந்து, பாக்டீரியா வேலைநிறுத்தம் செய்துவிட்டது. பருப்பு வேகாத தண்ணீர் என்று நான் ஒதுக்கிய போர் தண்ணீரில் அந்த பைகார்பனேட் தாராளமாக இருக்கிறது!

நேராக அடுப்படிக்குப் போய் ஆப்பசோடா டப்பாவை எடுத்தேன். அது சோடியம் பைகார்பனேட்தானே. ஒரு டீஸ்பூன் கரைத்து ஊற்றினேன். "ஏங்க, மொதல்ல ஈயம் பூசுறது, இப்ப ஆப்பசோடா. அடுத்து பெருங்காயமா?" என்றாள் மனைவி. சாயங்காலம் பிஎச் 7.6. மறுநாள் காலை அம்மோனியா அரை. அதற்கு மறுநாள் சுத்தமான மஞ்சள். அந்த மஞ்சளை அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். "சரிங்க, ஆப்பத்துக்குச் சோடா வாங்கிட்டு வாங்க."

அடுத்த இரண்டு வாரத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நைட்ரைட் குழாய் தினமும் அடர் கத்தரிப்பூ நிறம். இரண்டாவது கூட்டம் மெதுவாகத்தான் பெருகும். நைட்ரைட்டைத் தின்பது நைட்ரோபாக்டர் என்றுதான் வெகுகாலம் எழுதிவந்தார்கள். நன்னீர்த் தொட்டிகளில் அந்த வேலையைச் செய்வது நைட்ரோஸ்பைரா வகை என்று 1998-ல் ஓர் ஆய்வு காட்டியது. "உடனடி பாக்டீரியா" என்று பாட்டிலில் விற்பதை வாங்கலாமா என்று ஒரு நாள் கை அரித்தது. கடை அலமாரியில் நம் ஊர் வெயிலில் எத்தனை மாசம் வெந்ததோ என்று விட்டுவிட்டேன். வேளையை மட்டும் 15 மில்லியாகக் குறைத்தேன். 30-ம் நாள் காலை ஒன்பது மணியிலிருந்து சாயங்காலம் வரை கரண்ட் இல்லை. மீன் இல்லாவிட்டாலும் ஸ்பாஞ்சில் இருப்பவற்றுக்குக் காற்று வேண்டுமே, பேட்டரி பம்பு வாங்கி மாட்டினேன். ஆவியாவதும் அதிகம், நாலு நாளைக்கு ஒரு விரல் இறங்கிவிடும். அதை ஈடுகட்ட ஆர்ஓ தண்ணீர்தான் சரி. போர் தண்ணீரை ஊற்றிக்கொண்டே போனால் உப்பு ஏறிக்கொண்டே போகும்.

39-ம் நாள். காலை ஆறரைக்குப் பல் விளக்கிக்கொண்டே சொட்டு விட்டு வைத்துவிட்டு வந்து பார்த்தால், நீலம். துளிக்கூடக் கத்தரிப்பூ இல்லாத, ஸ்கூல் சட்டைக்குப் போடும் சொட்டு நீலம் மாதிரி. முந்தின நாள் இரவு வரை அடர் நிறத்தில் இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக வெளுக்கும் என்று எதிர்பார்த்திருந்தேன், ஒரே ராத்திரியில் விழுந்துவிட்டது. சந்தேகப்பட்டு இன்னொரு முறை பார்த்தேன். நீலமேதான்.

கடைசிப் பரீட்சை: இரவு எட்டு மணிக்கு முழு 30 மில்லி விட்டு, மறுநாள் எட்டு மணிக்கு அம்மோனியாவும் நைட்ரைட்டும் இரண்டும் பூஜ்யம் காட்ட வேண்டும். 40-ம் நாள் அம்மோனியா பூஜ்யம், நைட்ரைட்டில் லேசான சாயல், ஃபெயில். 41, 42 இரண்டு நாளும் பாஸ். நைட்ரேட் குழாய் ரத்தச் சிவப்பு, 80 பிபிஎம்முக்கு மேல். (இந்தச் சோதனையின் இரண்டாவது பாட்டிலை அரை நிமிஷம் ஓங்கிக் குலுக்க வேண்டும். நான் முதலில் அதைச் செய்யாமல், நைட்ரேட்டே இல்லை என்று நாலு நாள் குழம்பினேன்.)

இன்று தண்ணீரில் முக்கால் பங்குக்கு மேல் இறக்கிவிட்டு, மூன்று பங்கு ஆர்ஓ, ஒரு பங்கு போர் என்று கலந்து நிரப்பினேன். மகள் மறுபடி தங்கமீன் கேட்கிறாள். இரண்டடித் தொட்டியும் மதுரை வெயிலும் தங்கமீனுக்குக் கட்டுப்படியாகாது என்று எவ்வளவோ சொல்லியும் முகம் தொங்கியே இருக்கிறது. கொஞ்சம் உப்புச் சத்தும் சூடும் தாங்கும் மோலி நாலு, ஞாயிற்றுக்கிழமை வாங்குவதாக முடிவு. அதுவரை பாக்டீரியாவைப் பட்டினி போடக் கூடாது என்பதால் சனிக்கிழமை காலை வரை நவச்சாரம் உண்டு. பிறகு பாட்டில் பரணுக்கு.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது ஜெராக்ஸ் கடை அண்ணன் வந்தார். அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்கச் சொந்தக்காரர்கள் வருகிறார்களாம். வீட்டையெல்லாம் கழுவியவர் தொட்டியையும் விட்டுவைக்கவில்லை; மணல், ஸ்பாஞ்ச், கல் எல்லாவற்றையும் பைப் தண்ணீரில் கும்மியிருக்கிறார். இரண்டு நாளாகத் தண்ணீர் நீச்சத்தண்ணி மாதிரி கலங்கி, மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கின்றனவாம். பாதித் தண்ணீரை உடனே மாற்றச் சொன்னேன். மாற்றும் தண்ணீருக்குக் குளோரின் எடுக்கும் மருந்தையும் கையில் கொடுத்தேன்.

"உந்தொட்டில கொஞ்சம் அழுக்கு இருந்தாக் குடேன் தம்பி" என்றார்.

ஸ்பாஞ்சை அதே பால் தூக்கில் பிழிந்து கொடுத்திருக்கிறேன்.