தவளையின் இதயத்தில் என்ன குறை?

மீனுக்கு இரண்டு அறை, தவளைக்கு மூன்று, நமக்கு நான்கு. நாலாம் படிவத்தில் உயிரியல் எடுத்த பிள்ளைகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். என் அக்கா மகளும் இதைத்தான் ஒப்பித்துக்கொண்டிருந்தாள், கூடவே "தவளைக்கு நல்ல ரத்தமும் கெட்ட ரத்தமும் கலந்துடும் மாமா, நம்மளுதுதான் பெஸ்ட்" என்று ஒரு தீர்ப்பு வேறு. அந்தத் தீர்ப்பில்தான் எனக்கு உடன்பாடில்லை.

தவளை நுரையீரலால் மட்டும் மூச்சு விடுவதில்லை, ஈரமான தோலாலும் விடுகிறது. தோலில் ஆக்சிஜன் ஏற்றிக்கொண்ட ரத்தம் உடம்பு ரத்தத்தோடு சேர்ந்து வலப்பக்க மேலறைக்குத்தான் வருகிறது, ஆகவே அந்தப் பக்கத்தை முழுக்கக் கெட்ட ரத்தம் என்று தள்ளிவிட முடியாது. தண்ணீருக்குள் முங்கிக் கிடக்கும்போது நுரையீரலுக்கு நிறைய ரத்தம் அனுப்பி என்ன பயன்? கீழறை ஒன்றாகவே இருப்பதால் அங்கே போவதைக் குறைத்து, மிச்சத்தை வேறு பக்கம் திருப்பிவிட முடிகிறது. நம் இதயத்தால் இது ஆகாது, வலப்பக்கம் வருவதெல்லாம் நுரையீரல் வழியாகத்தான் போயாக வேண்டும்.

சரி, நான்கு அறைதான் உச்சம் என்றால் முதலையைப் பாருங்கள். அதற்கும் நான்கு அறை இருக்கிறது, ஆனால் வலக் கீழறையிலிருந்தே ஒரு பெருந்தமனி கிளம்புகிறது, நீருக்கடியில் இருக்கும்போது நுரையீரலைத் தவிர்த்துவிட்டு உடம்புக்கு ரத்தம் அனுப்பும் வழி அது. லோங்காங் (சாக்கடை) ஓரம் வெயில் காயும் உடும்பு கதையோ தலைகீழ்: பேருக்கு மூன்று அறை, ஆனால் கீழறை சுருங்கும்போது உள்ளே இருக்கும் தசைமேடு இரண்டு ஓட்டத்தையும் கிட்டத்தட்டப் பிரித்துவிடுகிறது. அறையை எண்ணி மார்க் போடுவது எவ்வளவு தூரம் சரி, நீங்களே சொல்லுங்கள்.

இதெல்லாம் முதுகெலும்பு உள்ளவை. சௌராஸ்தா மார்க்கெட்டில் வாங்கிவந்த சோத்தோங்கை (கணவாய்) வயிற்றுப் பக்கம் கீறிப் பிரித்தால் இறகு மாதிரி இரண்டு செவுள் தெரியும், ஒவ்வொன்றின் அடியிலும் வெளிறிய சின்னக் குமிழ், அவை செவுளுக்குத் தள்ளும் இதயங்கள். நடுவில் இருக்கும் மூன்றாவது, உடம்புக்கு. மீனிடம் இருப்பது ஒரே இதயம், செவுளின் மெல்லிய நாளங்களைக் கடந்ததும் அழுத்தம் விழுந்துவிடும், அந்த வேகத்திலேயே உடம்பு முழுக்கச் சுற்ற வேண்டும். சோத்தோங் அந்த இடத்தில் இரண்டு துணைப் பம்பு வைத்துவிட்டது! அதன் ரத்தம் உயிரோடு இருக்கும்போது நீலம், ஆக்சிஜனைச் சுமப்பது இரும்பு இல்லை, செம்பு.

சோத்தோங்கைப் போலவே நத்தை, சிப்பி வம்சத்தில் வந்தது கெராங் என்ற சேற்றுச் சிப்பி. ஆனால் அதற்கு ரத்தம் நாளங்களுக்குள் அடைபடாமல் திசுக்களின் இடைவெளியில் பரவி ஓடும், திறந்த ஓட்டம். அப்படியிருந்தும் நம்மைப் போல ஹீமோகுளோபின் கொண்ட சிவப்பணுக்கள் உண்டு. சார் குவேய் தியோவில் அரைவேக்காடாகக் கிடக்கும் கெராங்கைக் கடித்தால் வரும் சிவப்பு அதுதான் (சிலருக்கு அங்கேயே பசி போய்விடும், எனக்கு இல்லை). ஆக்சிஜன் குறைந்த சேற்றில் கிடக்கும் பிராணிக்கு அது வசதி.

இறாலுக்கும் திறந்த ஓட்டம்தான். முதுகில் நாம் உருவி எறியும் கறுப்பு நூல் ரத்தக்குழாய் இல்லை, குடல். இதயம் தலைப்பக்க ஓட்டுக்குள், முதுகை ஒட்டி இருக்கிறது.

கரப்பான் பூச்சியை மிதித்தால் சிவப்பாக எதுவும் வராததற்கும் காரணம் உண்டு. அதன் ரத்தத்துக்கு ஆக்சிஜன் சுமக்கும் வேலையே இல்லை, உடம்பின் பக்கவாட்டுத் துளைகளில் தொடங்கும் காற்றுக்குழாய்கள் கிளைகிளையாகப் பிரிந்து நேராகத் திசுக்களுக்கே போய்விடுகின்றன. ரத்தம் சத்தையும் கழிவையும் மட்டும் பார்த்துக்கொள்கிறது, அதற்கு மெதுவான திறந்த ஓட்டமே தாராளம்.