யாரும் குறிவைக்காத சாவுகள்

மார்ச் 3

இன்று உலகக் காட்டுயிர் நாள். காலையிலிருந்து புலிப் படங்களாக வந்து குவிகின்றன, கூடவே 'வேட்டையை நிறுத்துங்கள்' என்ற வாசகமும். தப்பில்லை, கள்ள வேட்டை இன்னும் நடக்கத்தான் செய்கிறது. ஆனால் இந்தப் படங்களைப் பகிர்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் துப்பாக்கியைத் தொட்டுக்கூடப் பார்த்திருக்க மாட்டோம். என்னை உறுத்துவது வேறு. எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாத ஒருவர் தன் பாட்டுக்குத் தன் வேலையைச் செய்ய, எங்கோ ஓர் இனம் அடியோடு சரிகிறதே, அது. கொஞ்ச நாளைக்கு அதைப் பற்றி மட்டும் படித்து இங்கே எழுதி வைக்கிறேன்.

மார்ச் 5

செத்த மாடுகளைத் தின்று வாழும் பாறு கழுகிலிருந்துதான் தொடங்க வேண்டும். இந்தியாவில் வெண்முதுகுப் பாறு 1992க்கும் 2007க்கும் இடையில் 99.9% குறைந்தது, அதாவது ஆயிரம் இருந்த இடத்தில் ஒன்று. யாரும் சுடவில்லை, காடும் ஒரே நாளில் காணாமல் போகவில்லை. ஏதோ வைரஸ் என்றுதான் முதலில் சந்தேகப்பட்டார்கள். 2004இல் பாகிஸ்தானில் செத்த பறவைகளை ஆராய்ந்தவர்கள் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள்: டைக்ளோஃபெனாக். மாட்டுக்கு வலி, வீக்கம் என்றால் போடுகிற சாதாரண ஊசி மருந்து. ஊசி போட்ட மாடு சீக்கிரமே செத்துவிட்டால் மருந்து உடம்பிலேயே தங்கிவிடும், அதைத் தின்ற பாறுக்குச் சிறுநீரகம் செயலிழந்து, யூரிக் அமிலம் உள்ளுறுப்புகள் மேல் வெள்ளையாகப் படிந்து, சில நாட்களில் கதை முடிந்துவிடும்.

யோசித்துப் பாருங்கள், ஊசி போட்டவர் மாட்டின் மேல் இரக்கப்பட்டுத்தான் போட்டிருப்பார்.

மார்ச் 6

நேற்று விட்டுப்போனது. இவ்வளவு பெரிய சரிவுக்கு எல்லா மாட்டிலும் மருந்து இருந்திருக்க வேண்டியதில்லையாம், நூற்றில் ஒன்றுக்கும் குறைவான உடல்களில் இருந்தாலே போதும் என்று கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். ஒரு மாட்டை ஒரு கூட்டமே சேர்ந்து தின்னும், தினமும் வெகுதூரம் பறந்து வேறு வேறு இடத்தில் தின்னும், ஆனால் ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டைதான். இப்படி மெதுவாகப் பெருகும் இனத்துக்குச் சாவு கொஞ்சம் கூடினாலும் ஈடுகட்ட முடியாது.

மார்ச் 9

நண்பனிடம் இதைச் சொன்னேன். "அப்போ மாடு வளர்க்கிறவனைப் பிடிச்சு உள்ளே போடணும்ங்கிறியா?" என்றான். அவன் எப்போதும் அப்படித்தான். ஆனால் நடந்தது அதுவல்ல. மெலாக்சிகாம் என்ற வேறொரு வலி மருந்து மாட்டுக்கும் கேட்கிறது, பாறு கழுகையும் கொல்வதில்லை என்று தெரிந்தது. 2006இல் இந்தியா கால்நடைக்கு டைக்ளோஃபெனாக்கைத் தடை செய்தது. உடனே மனிதர்களுக்கான பெரிய குப்பிகள் மாட்டுக்குப் போக ஆரம்பித்தன, அதனால் 2015இல் குப்பியின் அளவையும் சுருக்க வேண்டியதாயிற்று.

மார்ச் 12

கலிஃபோர்னியா காண்டோர். இதுவும் பிணம் தின்னும் பறவைதான். 1987இல் காட்டில் மிஞ்சிய கடைசிப் பறவையையும் பிடித்துக் கூண்டில் சேர்த்தபோது உலகில் மொத்தம் 27. வளர்த்து மறுபடி வெளியே விட்டார்கள், ஆனால் ஈயம் விடவில்லை. வேட்டைக்காரர் மானின் குடலைக் காட்டிலேயே போட்டுவிட்டுப் போவார், அதில் சிதறிய ஈயக்குண்டின் துகள்கள் இருக்கும், காண்டோர் அதைத் தின்னும். பறவைகளைத் திரும்பத் திரும்பப் பிடித்து ரத்தத்தில் ஈயம் பார்த்துச் சிகிச்சை கொடுக்கிறார்கள். 2019இல் அந்த மாநிலம் வேட்டைக்கு ஈயக்குண்டை முழுதாகத் தடை செய்தது. செம்புக்குண்டு இருக்கிறது, மானும் விழும்.

மார்ச் 16

அல்பட்ராஸும் வகீட்டாவும். இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் விஷயம் புரிகிறது.

மைல் கணக்கில் நீளும் கயிற்றில் தூண்டில்முள் கட்டிக் கடலில் இறக்கும்போது, இரையைக் கொத்த வரும் அல்பட்ராஸ் என்ற பெரிய கடற்பறவை முள்ளில் மாட்டி மூழ்கிச் சாகிறது. தீர்வு என்ன தெரியுமா? படகின் பின்னால் வண்ண நாடாக்கள் தொங்கும் ஒரு கயிறு, பறவை பயந்து விலகிவிடும். நமீபியா 2015இல் இதைக் கட்டாயமாக்கியது, கடலடி மீனுக்குக் கயிறு விடும் படகுகளில் பறவைச் சாவு 98% குறைந்தது. மீனவருக்கும் நஷ்டமில்லை, இரையைப் பறவை தின்றால் அவருக்குத்தானே மீன் போச்சு.

வகீட்டா மெக்சிகோவின் கலிஃபோர்னியா வளைகுடாவில் மட்டும் வாழும் சின்னஞ்சிறு கடற்பன்றி, டால்ஃபினுக்கு உறவு. அதையும் யாரும் தேடிப் பிடிப்பதில்லை. டோட்டோவாபா என்ற மீனுக்கு விரிக்கும் செவுள் வலையில் சிக்கி, மூச்சுவிட மேலே வர முடியாமல் சாகிறது. அந்த மீனின் காற்றுப்பைக்குச் சீனாவில் கொள்ளை விலை. வலைக்குத் தடை இருக்கிறது, ஆனாலும் இன்று மிஞ்சியவை ஏறக்குறைய பத்துதான். மாற்று வழி மீனவரின் வருமானத்தைத் தொடாத இடத்தில் சட்டம் வேலை செய்கிறது, தொடுகிற இடத்தில் சட்டம் காகிதமாகவே இருந்துவிடுகிறது. காப்பாற்றுவதற்கான பணத்தை முதலில் அந்தப் படகுக்காரர் கையில் கொடுக்க வேண்டும் என்பேன், நண்பன் சிரிப்பான்.

மார்ச் 21

மறுபடி பாறுக்கே வந்து நிற்கிறேன். டைக்ளோஃபெனாக் போன இடத்தில் அசெக்ளோஃபெனாக் வந்தது. மாட்டின் உடம்புக்குள் போனதும் அது டைக்ளோஃபெனாக்காகவே மாறிவிடுகிறது! பெயர்தான் வேறு. அதையும் கீட்டோபுரோஃபென் என்ற இன்னொரு வலி மருந்தையும் இந்தியா கால்நடைக்குத் தடை செய்தது 2023இல், முதல் தடைக்கு 17 ஆண்டுகள் கழித்து. ஒவ்வொரு மருந்தையும் பாறு தின்று செத்த பிறகுதான் பரிசோதிப்போம் என்றால் எப்படி? கடைக்கு வருமுன்பே பார்த்துவிடலாமே. டால்ஃபெனாமிக் அமிலம் என்ற வலி மருந்தைச் சோதித்தார்கள், பாறுகளுக்கு ஆபத்தில்லை என்று வந்தது. ஆக மெலாக்சிகாமோடு இரண்டு மருந்துகள் கையில் இருக்கின்றன.