முதல் மெட்டல் டிடெக்டர்: செம்மண் காட்டில் கற்றது

கார்த்திகை மாதத்தில், மேலூருக்குக் கிழக்கே இருக்கும் எங்கள் மானாவாரிக் காட்டில் கடலை பறித்துக்கொண்டிருந்தபோது, சித்தியின் காதுத் தோடு ஒன்று கழன்று மண்ணில் விழுந்துவிட்டது. ஆறு பேர் உட்கார்ந்து கையால் மண்ணை அளைந்தும் அது கிடைக்கவில்லை. அந்த அவசரத்தில், விலையை மட்டும் பார்த்து, பெயர் தெரியாத ஒரு மெட்டல் டிடெக்டரை இணையத்தில் வாங்கினேன். இரண்டு மீட்டர் ஆழத்தில் கிடப்பதையும் காட்டும் என்று அதன் பெட்டியில் அச்சிட்டிருந்தார்கள். காட்டில் இறக்கி இயக்கியதும், வைத்த இடமெல்லாம் அது கத்தியது. வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்த சித்தி, “ஏப்பா, இது தோட்டைத் தேடுதா, இல்ல காடு பூராம் தங்கம்னு சொல்லுதா?” என்று கேட்டார்.

சித்தி கேலியாகக் கேட்டாலும், கோளாறு எங்கே இருந்தது என்பதை அந்தக் கேள்வி சரியாகவே தொட்டுவிட்டது. டிடெக்டரின் அடியில் இருக்கும் வட்டமான ‘காயில்’ என்ற கம்பிச்சுருள் மண்ணுக்குள் ஒரு மாறும் காந்தப்புலத்தை அனுப்புகிறது. அந்தப் புலத்தில் சிக்கும் உலோகத்துக்குள் சுழல் மின்னோட்டம் எழுகிறது. அது உண்டாக்கும் எதிர்ப்புலத்தை இன்னொரு காயில் வாங்கி ஒலியாக மாற்றுகிறது. ஆனால் மேலூர்ப் பக்கத்துச் செம்மண்ணின் நிறமே அதில் கலந்துள்ள இரும்பு ஆக்சைடுகளால் வருவது. மண்ணே ஒரு பதில் அனுப்பும்போது, அதைக் கழித்துவிட்டுக் கேட்கத் தெரியாத இயந்திரம் அலறத்தான் செய்யும். இப்படிக் கழிக்கும் வசதியைத்தான் ‘கிரவுண்ட் பேலன்ஸ்’ என்கிறார்கள். விலை குறைந்த இயந்திரங்களில் இது தொழிற்சாலையிலேயே ஒரே அளவில் நிலையாக வைக்கப்பட்டிருக்கும். ஆற்று மணலில் அதனால் பெரிய தொல்லை இல்லை, செம்மண்ணில்தான் சோதனை. ஆகவே முதல் இயந்திரம் வாங்குபவர், ஆழக் கணக்கைப் படிப்பதற்கு முன், கிரவுண்ட் பேலன்ஸை நாமே மாற்றிக்கொள்ள முடியுமா என்று பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

பிறகு நண்பர் ஒருவரிடம் நோக்டா நிறுவனத்தின் சிம்ப்ளெக்ஸ் பிளஸ் இயந்திரத்தை இரவல் வாங்கிக்கொண்டு போனேன். துருக்கியில் செய்யப்பட்ட இது 12 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் இயங்குகிறது. காயிலை மண்ணுக்கு மேல் நான்கைந்து முறை தூக்கித் தாழ்த்தினால், அந்த இடத்து மண்ணுக்கு ஏற்பத் தன்னைச் சரிசெய்துகொள்ளும். அன்று கத்தல் அடங்கியது. ஒன்றரை மணி நேரத்தில் தோடும் கிடைத்தது. என்ன உலோகம் என்று ஊகிக்க உதவும் ஓர் எண்ணை இயந்திரம் திரையில் காட்டும். தோட்டுக்கு வந்த எண், அதற்குச் சற்று முன் நான் தோண்டியெடுத்த மாத்திரை அட்டைக்கு வந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே இருந்தது. சிறிய தங்க நகையும் அலுமினியத் தாளும் டிடெக்டருக்கு ஏறக்குறைய ஒரே ஜாடை. குப்பை வேண்டாம் என்று அந்த எண்களுக்கு ஒலிக்காதபடி ஒதுக்கி வைத்திருந்தால், தோட்டையும் சேர்த்தே ஒதுக்கியிருப்பேன். உலோகம் பிரித்தறியும் வசதியைப் பெருமையாக விளம்பரம் செய்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

நம் நாணயங்களிலும் இதே சிக்கல் உண்டு. மேலைநாட்டுக் காணொளிகளில் ‘இரும்பை ஒதுக்கிவிடுங்கள்’ என்பது முதல் அறிவுரையாக வரும். நம்முடைய இன்றைய ஒரு ரூபாய், இரண்டு ரூபாய்க் காசுகளோ காந்தத்தில் ஒட்டும் எஃகால் ஆனவை. ஒதுக்கினால் அவையும் போய்விடும். பழைய பத்துப் பைசா, இருபது பைசா அலுமினியக் காசுகள் தெளிவாகக் கேட்கும். 1943 முதல் 1947 வரை அடிக்கப்பட்ட வெண்கல ஓட்டைக் காலணா இன்னும் தெளிவாகக் கேட்கும்.

அதிர்வெண்ணைப் பொறுத்தவரை, வெள்ளிக் கொலுசு, செப்புக் காசு போன்றவற்றுக்குக் குறைந்த அதிர்வெண்ணே போதும். மூக்குத்தி அளவுள்ள தங்கத்துக்குச் சற்றுக் கூடுதலாக வேண்டும். காரெட் ஏஸ் 250 இயந்திரம் 6.5 கிலோஹெர்ட்ஸில் இயங்குவது. காசு தேடப் பழகுவதற்கு நல்லது, ஆனால் அதில் கிரவுண்ட் பேலன்ஸ் நிலையானது. மைன்லேப் நிறுவனத்தின் வேன்க்விஷ் வரிசை ஒரே நேரத்தில் பல அதிர்வெண்களைப் பயன்படுத்துவதால் மண்ணின் தொல்லையை ஓரளவு தானே சமாளிக்கிறது. ஆழம் பற்றி ஒரே வரி: புதிதாகப் பழகுபவர்கள் வாங்கும் இயந்திரங்களில், காசு அளவுள்ள பொருள் ஒரு சாண் ஆழத்தில் அகப்பட்டாலே அது நல்ல இயந்திரம். தூரத்தில் நின்றே தங்கத்தைக் காட்டும் என்று ஏரியல் கம்பி வைத்து விற்கப்படுபவை வெறும் ஏமாற்று. இன்னொன்று, பம்புசெட் மோட்டார் ஓடும்போதும் மின்கம்பிக்கு அடியிலும் எந்த இயந்திரமும் உளறும். அதைக் கோளாறு என்று எண்ணித் திருப்பி அனுப்பிவிட வேண்டாம்.

மதுரைக்காரர்களுக்கு இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. கீழடி பக்கத்தில்தான் இருக்கிறது, சமணர் மலையும் இருக்கிறது, ஆகவே பழம்பொருள் கிடைக்கும் என்ற ஆசையில் இயந்திரம் வாங்காதீர்கள். பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களில் அனுமதியின்றித் தோண்டுவது குற்றம். மற்ற இடங்களிலும், மண்ணில் புதைந்து கிடந்து கிடைக்கும் பொருளின் மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினால் கலெக்டருக்கு அறிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். அதைவிட, ஒரு காசு எந்த மண்ணடுக்கில் கிடந்தது என்பதில்தான் அதன் வரலாறு இருக்கிறது. களைக்கொத்தால் பிடுங்கி எடுத்தவனிடம் காசு மட்டுமே மிஞ்சும். சொந்தக் காடு, வீட்டுத் தோட்டம், அக்கம்பக்கத்தார் அழைத்துத் தேடச் சொல்லும் இடம் ஆகியவையே நமக்குப் போதும்.

நான் கடைசியில் சிம்ப்ளெக்ஸ் பிளஸையே வாங்கினேன். வீட்டுக் கொல்லையில் ஒரு பாத்தி ஒதுக்கி, ஒரு ரூபாய், ஓட்டைக் காலணா, சோடா மூடி, ஆணி, சித்தியிடம் கேட்டு வாங்கிய மற்றொரு தோடு என்று ஒவ்வொன்றையும் நான்கு விரற்கடை ஆழத்தில் புதைத்து, மேலே குச்சி நட்டு வைத்து, மாலை வேளைகளில் காது பழக்கிக்கொண்டிருக்கிறேன். தோட்டை மட்டும் அன்றன்றே எடுத்துத் திருப்பித் தந்துவிட வேண்டும் என்பது சித்தியின் கட்டளை.