பூச்சிக்குத் தெரிவதும் கம்பிக்குத் தெரிவதும்

டர்பனில் ஆற்றைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் கூடினால் முதலில் எழும் கேள்வி, "எந்த சென்சார் வாங்கலாம்?" என்பதுதான். சென்சார் வேண்டும்தான். அதற்கு முன்னால் வேண்டியது ஒரு கைவலையும், காலியான இரண்டு லிட்டர் வெள்ளை ஐஸ்கிரீம் டப்பாவும். ஆற்றுக் கற்களுக்கு அடியில் ஒட்டிக்கொண்டு வாழும் சிறு பூச்சிகள், கடந்த சில வாரங்களாக அந்தத் தண்ணீர் எப்படி இருந்தது என்பதைச் சொல்லிவிடும். விலை கூடிய கருவியும் அதைச் சொல்லாது.

ரிசர்வார் ஹில்ஸ் பக்கமாக ஓடி உம்கேனியில் கலக்கும் பாமியட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அல்லது சாட்ஸ்வர்த்துக்கு வடக்கே ஓடும் உம்லத்துசானாவை. இப்படி ஊருக்குள் ஓடும் ஆறுகளைக் கெடுப்பதில் கழிவுநீருக்குப் பெரிய பங்கு உண்டு. அது எப்போதும் ஒரே அளவில் வராது. குழாய் அடைத்துக்கொண்டால் சாக்கடை மூடி வழியாகப் பொங்கும். காலையில் வீடுகளில் தண்ணீர் புழங்கும்போது கூடும். அடைப்பை எடுத்ததும் நின்றுவிடும். சனிக்கிழமை பத்து மணிக்கு ஒரு பாட்டிலில் பிடித்த நீர் சனிக்கிழமை பத்து மணியை மட்டுமே காட்டும். வெள்ளிக்கிழமை இரவு ஓடிப்போன கழிவு அந்தப் பாட்டிலில் இருக்காது. ஆனால் அந்த இரவில் பிராணவாயு குறைந்து செத்துப்போன பூச்சி மறுநாள் திரும்பி வந்துவிடாது.

இதை முறைப்படி அளக்கத் தென்னாப்பிரிக்காவிலேயே உருவான வழி மினிசாஸ். நீரியல் வல்லுநர்கள் பயன்படுத்தும் சாஸ் (SASS) என்ற மதிப்பெண் முறையில் பூச்சிகளைக் குடும்பம் குடும்பமாகப் பிரிக்க வேண்டும், அதற்குப் பயிற்சி தேவை. மினிசாஸில் 13 கூட்டங்கள்தாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். மாசைத் தாங்காத உயிருக்கு அதிகம், எதையும் தாங்குவதற்குக் குறைவு. ஸ்டோன்ஃபிளை, மேஃபிளை, கேடிஸ்ஃபிளை மூன்றும் குஞ்சுப் பருவத்தை நீரில் கழிக்கும் பறக்கும் பூச்சிகள். ஸ்டோன்ஃபிளைக்கு 17. மின்னோ மேஃபிளை தவிர்த்த மற்ற மேஃபிளைகளுக்கு 11. கேடிஸ்ஃபிளைக்கு 9. நண்டு, இறாலுக்கு 6, தட்டானுக்கும் 6. மின்னோ மேஃபிளைக்கு 5, நீர்வண்டு, நீர்ப்பூச்சிகளுக்கும் 5. ஊசித்தும்பிக்கும் நத்தைக்கும் 4. தட்டைப்புழுவுக்கு 3. அட்டை, புழு, ஈ-கொசு வகைப் புழுக்கள் மூன்றுக்கும் தலா 2.

செய்யும் விதம்: ஆழம் முழங்காலுக்குக் கீழே உள்ள, ஓட்டமும் கற்களும் இருக்கிற இடத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். வலையை உங்களுக்குக் கீழ்நீரில் பிடித்து, அதற்கு மேலே உள்ள கற்களைக் காலால் கிளறுங்கள். கிளறியது ஓட்டத்தோடு வலைக்குள் போகும். சில கற்களைக் கையில் எடுத்து அடிப்பக்கத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். கரையோரம் நீரில் தொங்கும் செடிகளுக்குள் வலையை அசைத்து இழுங்கள். கொஞ்சம் மணல், சரளை. எல்லாம் சேர்த்து 5 நிமிடம் போதும். வலையில் உள்ளதை டப்பாவில் கொட்டி, சுத்தமான ஆற்று நீர் இரண்டு அங்குலம் ஊற்றி, அசையாமல் வைத்துக் காத்திருங்கள். முதல் நிமிடத்தில் வெறும் குப்பையாகத்தான் தெரியும். பிறகு ஒவ்வொன்றாக நகரத் தொடங்கும்.

கையுறையும் ரப்பர் பூட்சும் கட்டாயம். குவாஸுலு-நாட்டால் ஆறுகளில் பில்ஹார்சியா என்ற ஒட்டுண்ணி உண்டு. நத்தையிலிருந்து வெளியேறும் அதன் புழு, ஈரத்தில் நிற்கும் தோல் வழியாகவே உடலுக்குள் போய்விடும். கரகத்துக்காகவும் காவடிக்காகவும் ஆற்றங்கரைக்குப் போகிறவர்களும் இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

கணக்கு எளிது. கண்ட கூட்டங்களின் மதிப்பெண்ணைக் கூட்டி, எத்தனை கூட்டம் கண்டோமோ அதால் வகுக்க வேண்டும். ஒரு தட்டான் கிடைத்தாலும் ஐம்பது கிடைத்தாலும் 6தான். பாறை ஆறாக இருந்தால் 7.9க்கு மேல் இயற்கை நிலை, 5.1க்குக் கீழே மிக மோசம்.

பிழைகள் வருவது அடையாளம் காண்பதில். மின்னோ மேஃபிளை, நத்தை, நண்டு, தட்டான், கேடிஸ்ஃபிளை, கொசுப்புழு ஆகிய ஆறும் கிடைத்தன என்று வையுங்கள். 5+4+6+6+9+2 = 32. ஆறால் வகுத்தால் 5.3. இதில் மின்னோ மேஃபிளையை 'மற்ற மேஃபிளை' என்று எழுதிவிட்டால் கூட்டல் 38, சராசரி 6.3. ஒரே ஒரு பூச்சியைத் தவறாகப் பெயரிட்டதில் ஆற்றின் தரம் ஒரு படி மேலே ஏறிவிடுகிறது. அதனால் பொறுமையாகப் பார்க்க வேண்டியது மேஃபிளையைத்தான். மின்னோ வகை ஒல்லியானது, சிறு மீன் போல விருட்டென்று நீந்தும், ஓரளவு மாசைத் தாங்கும். மற்றவை பெரும்பாலும் தட்டையாகக் கல்லோடு ஒட்டி ஊர்பவை.

ஊசித்தும்பியின் குஞ்சையும் மேஃபிளை என்று நினைப்பவர்கள் உண்டு, இரண்டுக்கும் பெரும்பாலும் மூன்று வால் இருப்பதால். ஊசித்தும்பியின் வால்கள் இலை போலத் தட்டையானவை, அவையே அதன் செவுள்கள். மேஃபிளைக்கு வால் நூல் போல மெல்லியது, செவுள் வயிற்றின் இரு பக்கமும் அசைந்துகொண்டிருக்கும். ஸ்டோன்ஃபிளைக்கு வால் இரண்டுதான். ஆனால் வாலை மட்டும் நம்பாதீர்கள், ஒடிந்துபோயிருக்கும். காலைப் பாருங்கள்: ஸ்டோன்ஃபிளைக்கு ஒவ்வொரு காலிலும் இரண்டு நகம், மேஃபிளைக்கு ஒன்று. 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் போதும். படத்தைப் பார்த்து இனம் சொல்லும் செயலியும் வந்துவிட்டது. அதைத் துணையாக வைத்துக்கொள்ளலாம், முடிவு சொல்ல விடக்கூடாது.

வெள்ளம் வந்து போன உடனே சோதித்தால் மதிப்பெண் குறையும். மாசு காரணமல்ல, பூச்சிகள் அடித்துச் செல்லப்பட்டிருக்கும். 2022 ஏப்ரல் வெள்ளம் போன்ற ஒன்றுக்குப் பிறகு பழைய எண்ணோடு ஒப்பிடுவதில் பொருளில்லை. அணையிலும் குட்டையிலும் கழிமுகத்திலும் இந்த முறை செல்லாது.

இவ்வளவு சொல்லும் பூச்சியால் சொல்ல முடியாதது ஒன்று உண்டு. கெட்டது எப்போது வந்தது? அதற்குத்தான் கம்பி, அதாவது ஆற்றில் வைக்கும் சென்சார் பெட்டி.

மலிவாகச் செய்யும் பெட்டியில் இரண்டே அளவீடு வையுங்கள், வெப்பநிலையும் மின்கடத்தும் திறனும். கலங்கலை அளக்கும் மலிவு சென்சாரை வாங்காதீர்கள். ஒளி போய்வரும் முனையில் சில நாளிலேயே பாசி படியும், பிறகு அது பாசியைத்தான் அளக்கும். கலங்கலுக்கு ஒரு மீட்டர் நீளத் தெளிவுக் குழாயில் நீரை ஊற்றிக் கண்ணால் பார்ப்பதே மேல்.

மின்கடத்தும் திறன் ஏன் முக்கியம் என்றால், மழையையும் சாக்கடையையும் அது பிரித்துக் காட்டும். மழை பெய்தால் உப்பு நீர்த்துப்போய் எண் இறங்கும். கழிவுநீர் கலந்தால் எண் ஏறும். மழையில்லாத நாளில், விடியற்காலையில் எண் ஏறி நண்பகலில் இறங்கினால், மேலே எங்கோ ஒரு மூடி பொங்குகிறது என்று சந்தேகிக்க நல்ல காரணம் இருக்கிறது. துறைமுகத்துக்கு அருகே, கடல் ஏறும் இடத்தில் மட்டும் வைக்காதீர்கள். கடல்நீரின் மின்கடத்தும் திறன் 50,000 மைக்ரோசீமன்ஸ் (அதன் அலகு) அளவில் இருப்பது, மற்ற எல்லாவற்றையும் மறைத்துவிடும்.

இஎஸ்பி32 என்ற சிறு கணினிப் பலகை ஒன்று. வெப்பத்துக்கு டிஎஸ்18பி20 என்ற சென்சார், நீர் புகாத உறையோடு வருவது. அதன் தகவல் கம்பிக்கும் 3.3 வோல்ட்டுக்கும் நடுவே 4.7 கிலோஓம் மின்தடை. எண் 85 டிகிரி என்று வந்தால் ஆறு கொதிக்கவில்லை, அளந்து முடிக்கும் முன்பே படித்துவிட்டீர்கள் என்று பொருள். 750 மில்லிசெகண்ட் பொறுக்க வேண்டும். மைனஸ் 127 வந்தால் கம்பி அறுந்திருக்கிறது.

மின்கடத்தும் திறனுக்கு இரண்டு துருப்பிடிக்காத எஃகு போல்ட்டுகள், ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில், பிவிசி மூடியில் எபாக்ஸி வைத்து இறுக்கியவை. தொடராக 2.2 கிலோஓம். இங்கேதான் பலர் தவறுகிறார்கள்: ஒரே திசையில் மின்சாரத்தை விட்டுக்கொண்டிருந்தால் போல்ட்டின் மேல் வாயுவும் அயனிப் படலமும் சேர்ந்து, எண் நகர்ந்துகொண்டே போகும். இரண்டு போல்ட்டையும் பலகையின் இரண்டு முனைகளில் இணைத்து, ஒரு முறை இப்படி, ஒரு முறை அப்படி, சம நேரம், மிகக் குறுகிய துடிப்பாகக் கொடுங்கள். அளந்து முடித்ததும் இரண்டையும் அணைத்துவிடுங்கள்.

அளவுதிருத்த நீரை நீங்களே செய்யலாம். ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் 0.7455 கிராம் பொட்டாசியம் குளோரைடு. 25 டிகிரியில் அது 1413 மைக்ரோசீமன்ஸ். அதையே பத்து மடங்கு நீர்த்தால் 147. இந்த இரண்டு புள்ளிகள் போதும். மில்லிகிராம் காட்டும் தராசு இல்லையென்றால் ஆயத்தக் கரைசலை வாங்குங்கள், சமையலறைத் தராசு உதவாது. வெப்பத் திருத்தத்தை மறந்தால் இரவு-பகல் மாற்றமே கழிவு போலத் தெரியும். ஒரு டிகிரிக்கு சுமார் 2 சதவீதம். 18 டிகிரியில் 400 என்று வந்தால், 0.86ஆல் வகுத்து 465 என்று எழுத வேண்டும்.

நேரம்தான் இந்தப் பெட்டியின் உயிர். இஎஸ்பி32இன் உள்கடிகாரம் தூக்கத்தில் தாறுமாறாக ஓடும். டிஎஸ்3231 கடிகாரத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள், ஆண்டுக்கு ஒரு நிமிடம் அளவில்தான் பிசகும். மலிவாகக் கிடைக்கும் அந்தக் கடிகாரப் பலகை பலவற்றில் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் சுற்று இருக்கிறது. சார்ஜ் ஏற்றக்கூடாத சாதாரண சிஆர்2032 நாணய வடிவ பேட்டரியைப் போட்டு 5 வோல்ட் கொடுத்தால் பேட்டரி வீங்கும். 3.3 வோல்ட்டே கொடுங்கள், அல்லது அந்தச் சுற்றிலுள்ள மின்தடையை எடுத்துவிடுங்கள்.

15 நிமிடத்துக்கு ஒரு முறை விழித்து, அளந்து, நினைவகத்தில் எழுதிவிட்டுத் தூங்கட்டும். பலகையில் எப்போதும் எரியும் சிவப்பு விளக்கும் யுஎஸ்பி சில்லும் சேர்ந்து 10 மில்லியாம்பியர் இழுத்தால், 2500 மில்லியாம்பியர்-மணி 18650 வகை லித்தியம் பேட்டரி பத்து நாளில் தீர்ந்துவிடும். தூக்கத்தில் குறைவாக இழுக்கும் பலகையாகப் பார்த்து வாங்கினால் மாதக்கணக்கில் ஓடும். பெட்டி பளபளக்கக் கூடாது. பழைய சாம்பல் நிறப் பிவிசி குழாயை யாரும் திருட மாட்டார்கள். எஃகுக் கயிற்றால் மரத்தில் கட்டி, பெருமழை எச்சரிக்கை வந்தால் போய் எடுத்துவிடுங்கள். வாரம் ஒரு முறை போல்ட்டைப் பழைய பல்துலக்கியால் தேய்ப்பதும் வேலைதான். தேய்ப்பதற்கு முன்னும் பின்னும் எண்ணைக் குறித்தால், படிவு எவ்வளவு ஏமாற்றியது என்று தெரியும்.

உயிரையும் கம்பியையும் ஒரே கருவியாக இணைத்த ஊர்களும் உண்டு. போலந்தின் வார்சா குடிநீர் நிலையத்தில் 8 சிப்பிகளின் ஓட்டில் உணர்வி பொருத்தியிருக்கிறார்கள். தண்ணீர் பிடிக்காமல் அவை வாயை மூடிக்கொண்டால் கணினி எச்சரிக்கும். நமக்கு அந்த வசதி இல்லை, ஆனால் வலையையும் பெட்டியையும் ஒரே ஆற்றில் வைத்தால் அதே வேலையைப் பாதி செய்துவிடலாம். சந்தேகிக்கும் மூடிக்கு மேலே ஓரிடம், கீழே ஓரிடம். மேலே 6.5, கீழே 4.5 என்று பூச்சிகள் சொன்னால், பெட்டியைக் கீழே வையுங்கள். பெட்டி நேரத்தைக் காட்டியதும், அந்த நேரத்தில் போய்ப் பாட்டிலில் நீர் எடுங்கள்.

அந்தப் பாட்டில் ஆய்வகத்துக்குப் போக வேண்டும். நுண்ணுயிர் நீக்கிய பாட்டில், ஐஸ் பெட்டி, ஆறு மணி நேரத்துக்குள். மலக்கழிவைக் காட்டும் ஈ.கோலை கிருமியை எண்ணும் கோலிலெர்ட் சோதனையில் 35 டிகிரியில் 24 மணி நேரம் வைத்த பிறகு, புற ஊதா விளக்கில் நீலமாக ஒளிரும் குழிகளை எண்ணுவார்கள். 97 குழித் தட்டு 100 மில்லிக்கு 2419.6 வரைதான் எண்ணும். கழிவு கலந்த ஆற்றுநீரை நேராக ஊற்றினால் "அதற்கு மேல்" என்றே பதில் வரும். அது 3,000 ஆகவும் இருக்கலாம், 3,00,000 ஆகவும் இருக்கலாம். 1க்கு 100 நீர்த்துச் செய்யச் சொல்லி முன்பே கேளுங்கள். தென்னாப்பிரிக்காவின் 1996 வழிகாட்டியில் முழுக்குப் போடும் நீருக்கு இலக்கு 100 மில்லிக்கு 130 ஈ.கோலைக்குள்.

நகராட்சிக்கு முறையிடும்போது மூன்றையும் சேர்த்தே அனுப்புங்கள்: இரண்டு இடங்களின் மினிசாஸ் தாள், பெட்டியின் ஒரு வார வரைபடம், ஆய்வக எண். கூடவே சாக்கடை மூடியின் படமும் அதன் இருப்பிடக் குறியும். பெட்டியை அளவுதிருத்திய குறிப்பும் திருத்தாத மூல அளவீடும் உங்களிடமே இருக்கட்டும். "கருவி பழுதாக இருக்கலாம்" என்ற பதில் வந்தால், அப்போது எடுத்துக் காட்ட வேண்டியவை அவை.