மின்னழுத்தம் இறங்கினாலும் அணையாத கணினி: எஸ்.எம்.பி.எஸ். தேடிய கதை

மாலையில் மின்னழுத்தம் 180 வோல்ட்டுக்கு இறங்கியது. இன்வெர்ட்டர் டக்கென்று பேட்டரிக்கு மாறியது. திரையில் ஓடிக்கொண்டிருந்த பிளெண்டர் ரெண்டரிங் (முப்பரிமாண வரைவைப் படமாக்கும் வேலை) துளியும் தடுமாறவில்லை. புதிதாகக் கோத்த கணினியிடம் நான் முதலில் எதிர்பார்த்தது இதைத்தான். விளையாட்டில் எத்தனை பிரேம் வருகிறது என்பதெல்லாம் அதற்கு அடுத்தபடி. எதிர்பார்த்தது கிடைத்துவிட்ட மகிழ்ச்சியில் எழுதுகிறேன்.

கணினி அக்கா மகளுக்கு. கட்டடக்கலை படிக்கிறாள். ஆட்டோகேட், ஸ்கெட்ச்அப், பிளெண்டர் மூன்றும் ஓட வேண்டும். வீடு மன்னார்குடிக்கு அருகே ஒரு கிராமத்தில், மின்கம்பி முடியும் கடைசி வீடு. வயல்களில் மோட்டார்கள் ஓடத் தொடங்கினால் கூடத்து விளக்கு மங்கும். முன்பிருந்த கணினி, இன்வெர்ட்டர் இருந்தும் மாலைதோறும் அணைந்து அணைந்து எழுந்துகொண்டிருந்தது. மணிக்கணக்கில் வரைந்தது சேமிப்பதற்குள் போய்விட்டது என்று அவள் தொலைபேசியில் அழுதிருக்கிறாள். அதனால் எல்லோரும் ப்ராசசரில் தொடங்கும் பட்டியலை நான் எஸ்.எம்.பி.எஸ்.ஸில், அதாவது சுவர் மின்சாரத்தைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டியில், தொடங்கினேன். மானிட்டர், விசைப்பலகை, மவுஸ் பழையவையே. மற்ற எல்லாவற்றுக்கும் சேர்த்து 35,000 ரூபாய் என்று அக்கா கறாராகச் சொல்லிவிட்டாள்.

மற்ற பாகங்களை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2025 கடைசியில் செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களின் தேவையால் ரேம் விலை எகிறியதே, அதற்கு முன்பே டி.டி.ஆர்.4 வகையில் இரண்டு 8 ஜி.பி. ரேம்களை வாங்கி வைத்திருந்தேன். எந்த வகை ப்ராசசர், மதர்போர்டு என்பதைத் தீர்மானித்தது அதுதான். ஏ.எம்.டி. ப்ராசசரைச் செருகும் புதிய ஏ.எம்.5 சாக்கெட் டி.டி.ஆர்.5 மட்டுமே ஏற்கும், ஆகவே அதற்கு முந்தைய ஏ.எம்.4. தனி கிராபிக்ஸ் கார்டு இப்போதைக்குக் கிடையாது என்பதால் ரைசன் 5 5600ஜி: ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட், உள்ளேயே வேகா கிராபிக்ஸ். இதே விலையை ஒட்டிக் கிடைக்கும், ‘ஜி’ இல்லாத 5600இல் எல்3 கேஷ் (ப்ராசசருக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம்) 32 எம்.பி.; 5600ஜியில் அதில் பாதிதான். ஆனால் 5600இல் திரைக்குப் படம் அனுப்ப வழியே இல்லை, கார்டு போட்டாக வேண்டும். அந்தப் பணம் நம்மிடம் இல்லை.

மதர்போர்டு ஏ520. பி550க்குப் போகச் சொல்லிப் பலரும் வற்புறுத்துவார்கள். பி550இன் பெருமை பி.சி.ஐ.இ. 4.0, அதாவது கார்டும் எஸ்.எஸ்.டி.யும் ப்ராசசரோடு பேசும் பாதையின் வேகமான தலைமுறை; 5600ஜி ப்ராசசரோ 3.0 வரைதான் பேசும். பயன்படுத்தவே முடியாத வேகத்துக்கு எதற்குக் காசு? எஸ்.எஸ்.டி.க்கும் இதே கணக்கு: 4.0 வகை வாங்கினாலும் 3.0 வேகத்தில்தான் ஓடும் என்பதால் 3.0 வகையில் 500 ஜி.பி. என்.வி.எம்.இ. ஒன்று, மலிவான கியூ.எல்.சி. அல்லாமல் நீடித்துழைக்கும் டி.எல்.சி. சில்லு உள்ளதாகப் பார்த்து எடுத்தேன். ஏ520 வந்தது 2020இல், 5600ஜி கடைக்கு வந்தது 2021இல். எனவே பெட்டியின்மேல் ரைசன் 5000 வரிசைக்குத் தயார் என்ற ஒட்டுச்சீட்டு இருக்கிறதா என்று பார்க்காமல் மதர்போர்டை வாங்காதீர்கள். பழைய பயாஸ் (கணினியை எழுப்பும் உள்மென்பொருள்) உள்ள போர்டில் 5600ஜியைச் செருகினால் திரை கறுப்பாகவே நிற்கும்.

ரேமைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை. ‘16 ஜி.பி. ஒற்றைக் குச்சியாகப் போடுங்கள், பிறகு இன்னொன்று சேர்த்துக்கொள்ளலாம்’ என்று கடையில் சொல்வார்கள். தனி கிராபிக்ஸ் கார்டு உள்ள கணினிக்கு அது ஓரளவு சரி. வேகா கிராபிக்ஸுக்குச் சொந்த நினைவகம் கிடையாது, ரேமைத்தான் பங்குபோட்டுக்கொள்கிறது. 3200 வேக ரேம் ஒரு சேனலில் நொடிக்கு 25.6 ஜி.பி. தரும், இரண்டு சேனலில் 51.2. ஒற்றைக் குச்சி போட்டால் கிராபிக்ஸின் குரல்வளையைப் பாதி நெரித்ததாக ஆகும். ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்.எம்.பி.யைப் பயாஸில் இயக்கவும் மறக்காதீர்கள்.

இனி எஸ்.எம்.பி.எஸ். இதைப் பற்றி மட்டும் நான் விடியவிடியப் பேசுவேன்.

நம் ஊர்க் கடைகளில் கேபினட்டோடு சேர்ந்தே ஒரு எஸ்.எம்.பி.எஸ். வரும். மேலே பெரிய எழுத்தில் 450 வாட் என்று அச்சிட்டிருக்கும். எடுத்துப் பார்த்தால் தீப்பெட்டியைத் தூக்குவதுபோல் கை மேலே போகும், அவ்வளவு இலேசு. அதன் பக்கவாட்டில் உள்ள அட்டவணையைப் படிப்பதுதான் முதல் வேலை. கடையில் எனக்குக் காட்டிய ஒன்றில் 12 வோல்ட்டுக்கு நேரே 16 ஆம்பியர் என்று போட்டிருந்தது. பெருக்கினால் 192 வாட். இன்றைய கணினியில் ப்ராசசரும் கிராபிக்ஸ் கார்டும் தின்பது முழுக்க 12 வோல்ட் பக்கத்தில்தான். 3.3 வோல்ட், 5 வோல்ட் கணக்குகளையெல்லாம் கூட்டி 450 என்று எழுதிக்கொள்வது வாங்குபவரை ஏமாற்றுவதன்றி வேறில்லை. இதைக் கண்டால் எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது. நான் கடைசியில் எடுத்த 550 வாட் பெட்டியில் 12 வோல்ட்டுக்கு 45 ஆம்பியர், அதாவது 540 வாட். எழுதியதற்கும் தருவதற்கும் இடையே இடைவெளி இல்லை.

ஆனால் எங்கள் பிரச்சினை வாட் அல்ல. 5600ஜியை முழுமூச்சாக ஓட்டினாலும் இந்தக் கணினி சுவரிலிருந்து எடுப்பது ஏறக்குறைய 120 வாட்தான். பிரச்சினை, இன்வெர்ட்டர் மாறும் அந்தக் கண்ணிமைப்பு நேரம்.

எஸ்.எம்.பி.எஸ்.ஸின் உள்ளே, மின்சாரம் நுழையும் பக்கத்தில் பருத்த கெபாசிட்டர் ஒன்று நிற்கும். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். சுவர் மின்சாரம் நின்றதும் அதில் நிறைந்திருப்பதுதான் கணினியைத் தாங்கிப் பிடிக்கிறது. எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பது இரண்டைப் பொறுத்தது: தொட்டி எவ்வளவு பெரியது, எந்த உயரம்வரை நிரம்பியிருக்கிறது. உயரம் என்பது இங்கே வோல்ட். கணக்கில் வோல்ட்டுக்கு வர்க்கம் உண்டு என்பதால் உயரம் சற்றே குறைந்தாலும் இருப்பு மளமளவென்று சரிந்துவிடும்.

மலிவுப் பெட்டியில் பொதுவாக 200 வோல்ட், 220 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர்கள் இரண்டைத் தொடராக இணைத்திருப்பார்கள். சேர்த்துப் பார்த்தால் 110தான். சுவரில் 230 வோல்ட் இருக்கும்போது உச்சம் 325 வோல்ட், அதுவரை நிரம்பும். கெபாசிட்டரில் 230 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பெட்டி கைவிட்டுவிடும் என்று வைத்துக்கொண்டால், கையிருப்பு ஏறத்தாழ 2.9 ஜூல். இதன் செயல்திறனும் மட்டம், அதே கணினிக்கு 140 வாட்டாவது இழுக்கும். ஆக 20 மில்லி விநாடி தாங்கும். எங்கள் இன்வெர்ட்டர், கணினிக்கென்றே விரைந்து மாறும் யு.பி.எஸ். நிலையில் 15 மில்லி விநாடிக்குள் மாறும். அப்படியானால் கணினி அணையக் கூடாதே?

இங்கேதான் சூட்சுமம். யு.பி.எஸ். நிலையில் இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தாவுவதே மின்னழுத்தம் 180க்கு இறங்கும்போதுதான். அந்த நேரத்தில் உச்சம் 254 வோல்ட். கெபாசிட்டரின் கையிருப்பு 0.64 ஜூல். தாங்கும் நேரம் ஐந்து மில்லி விநாடிகூட இல்லை! திடீரென்று மின்தடை வந்தால் தப்பிக்கும் கணினி, மின்னழுத்தம் மெல்ல மெல்ல இறங்கும் மாலையில் மட்டும் ஏன் அணைகிறது என்ற புதிர் இந்தக் கணக்கைத் தாளில் போட்டதும் அவிழ்ந்துவிட்டது. இன்வெர்ட்டர்மேல் ஒரு குற்றமும் இல்லை.

ஆக்டிவ் பி.எஃப்.சி. (சுவரிலிருந்து மின்சாரம் எடுப்பதைச் சீராக்கும் சுற்று) உள்ள எஸ்.எம்.பி.எஸ். இந்த இடத்தில்தான் அடியோடு மாறுபடுகிறது. சுவரில் 230 இருந்தாலும் 180 இருந்தாலும் அது தன் கெபாசிட்டரை ஏறத்தாழ 380 வோல்ட்டிலேயே நிரப்பி வைத்திருக்கும். 330 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர், 300 வோல்ட் வரை இறங்கலாம் என்றால் கையிருப்பு 9 ஜூல். 120 வாட்டுக்கு வகுத்தால் 75 மில்லி விநாடி. மாலை என்ன, நண்பகல் என்ன, அதே 75. எஸ்.எம்.பி.எஸ். தயாரிப்புக்கான ஏ.டி.எக்ஸ். வழிகாட்டி நெடுங்காலம் முழுச் சுமைக்குக் கேட்டது 17 மில்லி விநாடி. பின்னர் அதையும் 12 ஆகக் குறைத்துவிட்டார்கள். நமது சுமை முழுச் சுமையில் கால்பங்குகூட இல்லை என்பதால் நமக்குக் கிடைப்பது பல மடங்கு. சிறிய கணினிக்கு 550 வாட் எதற்கு என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்: வாட்டுக்காக வாங்கவில்லை, அதோடு வரும் பெரிய கெபாசிட்டருக்காக வாங்கினேன்.

இதைக் கடையிலேயே பார்த்துவிடலாம். பெட்டியைத் திறக்கக் கூடாது. செருகியைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம், உயிருக்கே ஆபத்து. காற்றாடியின் கம்பி வலை வழியாகக் கைப்பேசி விளக்கை அடித்துச் சற்றே சாய்த்துப் பார்த்தால் கறுப்பு உருளையின் தோள்பகுதியில் வெள்ளை எழுத்து தெரியும். 400 வோல்ட், 330. கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, “அண்ணா, இத்தனை வருடத்தில் யாரும் இதைப் பார்த்து வாங்கியதில்லை” என்றார். பிறகு அவரே இன்னும் இரண்டு பெட்டிகளைக் கொண்டுவந்து விளக்கடித்துக் காட்டினார். அதே 550 வாட் விலைக்கு ஒன்றில் 270, இன்னொன்றில் எழுத்து மறுபக்கம் திரும்பியிருந்தது. முதல் பெட்டியையே எடுத்தேன். நான்காயிரம் ரூபாயை ஒட்டி வந்தது, 80 ப்ளஸ் பிரான்ஸ் செயல்திறன் சான்று, ஐந்து ஆண்டு வாரண்டி. மாடல் பெயரை வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. ஒரே பெயரை வைத்துக்கொண்டு உட்பகுதியை மாற்றிவிடும் வழக்கம் இந்தத் தொழிலில் உண்டு; பெயரை நம்புவதைவிட வலைக்குள் விளக்கடித்துப் பார்ப்பது மேல்.

ஒரு எச்சரிக்கை. எங்கள் இன்வெர்ட்டர் சைன் வேவ் வகை, சுவர் மின்சாரம்போலவே வழவழப்பான அலை தருவது. சதுர அலை இன்வெர்ட்டரில் ஆக்டிவ் பி.எஃப்.சி. பெட்டிகள் சில முனகும், சில அணைந்தே போகும். சதுர அலை உள்ள வீட்டில் முதலில் மாற்ற வேண்டியது இன்வெர்ட்டரைத்தான்.

சோதனையைச் சொல்கிறேன். ரெண்டரிங்கை ஓடவிட்டு மெயின் சுவிட்சை இறக்கினேன். நிற்கவில்லை. இன்வெர்ட்டரின் பின்னால் உள்ள சுவிட்சை, மின்னழுத்தம் 180க்கும் வெகுவாகக் கீழே இறங்கும்வரை பேட்டரிக்குத் தாவாத எகானமி நிலைக்குத் தள்ளி மறுபடி இறக்கினேன். அந்த நிலையில் மாறுவதற்கு 40 மில்லி விநாடி வரை ஆகும் என்று கையேடு சொல்கிறது. அப்போதும் நிற்கவில்லை. “மாமா, விளக்குகூடக் கண்சிமிட்டியது, இது அசையவே இல்லை!” என்று அவள் துள்ளினாள். நடைமுறைக்கு இப்போது எகானமி நிலையிலேயே விட்டிருக்கிறோம். இந்த எஸ்.எம்.பி.எஸ். 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்பது, 180க்கெல்லாம் பேட்டரிக்கு ஓட வேண்டிய தேவையே இல்லை. பேட்டரிக்கும் ஆயுள் நீளும்.

வாங்கிய இடங்கள்: ரேம் தவிர மற்றவை எல்லாம் சென்னை ரிச்சி தெருவிலும் அதை ஒட்டிய நரசிங்கபுரம் தெருவிலும். மெட்ரோவில் போகிறவர்கள் அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கி நடந்துவிடலாம். ப்ராசசரை ‘ட்ரே’ என்று பெட்டியில்லாமல் விலை குறைத்துத் தருவார்கள். பெட்டியோடு வருவதற்கு ஏ.எம்.டி. மூன்று ஆண்டு வாரண்டி தருகிறது. ட்ரேக்குக் கடைக்காரரின் வாக்குத்தான் வாரண்டி. அதோடு விசிறியும் வராது. கூட்டிக் கழித்தால் மிச்சம் ஒன்றுமில்லை. ஜி.எஸ்.டி. 18 சதவீதம் சேர்த்து ரசீது வாங்கிவிடுங்கள்; ரசீதில்லாமல் குறைத்துத் தருகிறேன் என்றால் வாரண்டிக்குப் போகும் நாளில் கையைப் பிசைய வேண்டியிருக்கும்.

அடுத்து கிராபிக்ஸ் கார்டு. அவள் இறுதியாண்டுக்கு வரும்போது ஆர்.எக்ஸ். 6600 ஒன்றைப் பழைய சந்தையில் தேடலாம் என்றிருக்கிறேன். 132 வாட், ஒற்றை 8 முள் இணைப்பு, எஸ்.எம்.பி.எஸ்.ஸில் அந்தக் கம்பி தயாராக இருக்கிறது. அதைவிட மலிவான 6500 எக்ஸ்.டி.யை இந்தக் கணினிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். அதற்கு நான்கே பி.சி.ஐ.இ. பாதைகள், 5600ஜியின் 3.0 வேகத்தில் அந்த நான்கும் நெரிசலாகிவிடும். 6600க்கு எட்டுப் பாதைகள் உண்டு, இழப்பு சொற்பம்.

கேபினட் இன்னும் முடியவில்லை. முகப்பில் வலையுள்ள ஒன்றுதான், ஆனால் பின்னால் ஒரே ஒரு விசிறியோடு வந்தது. இப்போது ரெண்டரிங்கில் ப்ராசசர் 78 டிகிரியில் நிற்கிறது. 5600ஜியின் எல்லை 95 டிகிரி என்றாலும் சித்திரை வெயிலில் அந்த அறை எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். முகப்புக்கு 120 மில்லிமீட்டர் விசிறிகள் இரண்டு வேண்டும். போர்டில் கேபினட் விசிறிக்கு ஓர் இணைப்புதான் இருக்கிறது, அதில் பின்விசிறி உட்கார்ந்திருக்கிறது. ஆகவே ஒன்றை மூன்றாகப் பிரிக்கும் கம்பியும் வாங்க வேண்டும். வலைக்கு உட்புறம் காந்தத்தில் ஒட்டும் தூசி வடிகட்டி கிடைத்தால் அதையும் எடுத்துக்கொள்வேன். அறுவடைக் காலத்தில் அந்தத் தெருவில் பறக்கும் வைக்கோல் தூசிக்குச் சாதாரண வலை தாங்காது.