ஒரு வருஷம், ஒன்பது ஞாயிறுகள்

கழுகுமலையிலிருந்து வந்து மூன்று நாள் ஆகிறது. கெண்டைக்கால் வலி இன்னும் விடவில்லை. அம்மா பக்கத்து வீட்டு அக்காவிடம் வெட்டுவான் கோவிலைப் பற்றி நான்காவது தடவையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். இந்தச் சூடு ஆறுவதற்குள் 2025-இல் அம்மாவும் நானும் போன ஊர்களை எல்லாம் மாதவாரியாக, செலவுக் கணக்கோடு எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன். ஆனால் கழுகுமலையைச் சொல்லாமல் ஜனவரிக்குப் போக முடியவில்லை.

முதலில் எங்கள் ஏற்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். மதுரையிலிருந்து விடியற்காலை கிளம்பி ராத்திரிக்குள் வீடு வந்து சேர வேண்டும். பஸ், ரயில் மட்டும்தான். மாதம் 1,000 ரூபாய் ஒதுக்கி வைப்பேன். போகாத மாதத்துப் பணம் அடுத்த பயணத்துக்குச் சேரும். அதற்கு முந்தைய வருஷம் ஊட்டிக்கு நான்கு நாள் பேக்கேஜ் டூர் என்று 18,000 ரூபாய் கொடுத்துவிட்டு, பாதி நேரம் வேனுக்குள்ளேயே டிராபிக்கில் உட்கார்ந்திருந்தோம். அந்த எரிச்சலில் பிறந்த ஏற்பாடு இது. இந்த வருஷம் ஒன்பது பயணம், இரண்டு பேருக்கும் சேர்த்து 11,340 ரூபாய்.

சரி, கழுகுமலை. கோவில்பட்டி போய் அங்கிருந்து வேறு பஸ். கீழே கழுகாசலமூர்த்தி கோயிலில் கும்பிட்டுவிட்டு மலை ஏறினோம். வெட்டுவான் கோவில் எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் வேலை. மலையை மேலிருந்து கீழாகக் குடைந்து, நடுவில் ஒரே கல்லில் கோயிலைச் செதுக்கியிருக்கிறார்கள். விமானம் முடிந்திருக்கிறது, கீழ்ப்பகுதி முடியவில்லை. முடியாததால்தான் எப்படிச் செய்தார்கள் என்பது கண்ணுக்கு முன்னால் தெரிகிறது. மேலே தட்சிணாமூர்த்தி மிருதங்கம் வாசித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். வேறு எங்கும் நான் அப்படிப் பார்த்ததில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே நாங்கள் இருவர், ஒரு காவலர், இரண்டு ஆடு. இவ்வளவு பெரிய அற்புதத்தைப் பார்க்க ஆள் இல்லை என்பது எனக்கு உண்மையிலேயே தாங்கவில்லை.

அதே மலையில் சமணச் சிற்பங்கள் வரிசை வரிசையாக இருக்கின்றன. அடியில் வட்டெழுத்தில் யார் செய்வித்தது என்று பொறித்திருக்கிறார்கள். அந்தக் கல்வெட்டுகளில் குரத்தியர் என்று பெண் துறவிகளும் வருகிறார்கள், பாடம் சொல்லிக்கொடுத்த ஆசிரியைகள். நான் இதைச் சொன்னதும் அம்மா பாறையில் உட்கார்ந்துவிட்டார். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தப்பட்டவர் அவர். “அம்புட்டுக் காலத்துக்கு முன்னாடியே பொம்பளைக பாடம் எடுத்திருக்காளுகளா?” என்று மறுபடி மறுபடி கேட்டார். அரை மணி நேரம் அங்கேயே இருந்தோம். திரும்பும்போது கோவில்பட்டியில் கடலைமிட்டாய். மொத்தச் செலவு 720 ரூபாய்.

ஜனவரியில் கீழடி. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் என்பதால் பஸ் செலவே இல்லை. செட்டிநாட்டு வீடு மாதிரிக் கட்டியிருக்கும் அருங்காட்சியகம் அருமை. மதுரைக்காரர்கள் இன்னும் போகாமல் இருந்தால் அது தப்பு. பிப்ரவரியில் சித்தன்னவாசல். தாமரைக் குளம் ஓவியத்தில் வண்ணம் மங்கியிருக்கிறது, ஆனாலும் மீனும் அன்னமும் பூப்பறிக்கிறவரும் தெரிகிறார்கள். உள்ளறையில் நின்று மெதுவாக ‘ம்ம்’ என்று ராகம் இழுக்கச் சொன்னார் காவலர். சுவர் எல்லாம் சேர்ந்து முனகியது, உடம்பு சிலிர்த்துவிட்டது. புதுக்கோட்டையிலிருந்து பஸ் குறைவு, திரும்ப ஒன்றரை மணி நேரம் வெயிலில் நின்றோம். மார்ச்சில் திருமயம் கோட்டை, நன்றாக இருந்தது.

ஜூனில் ராமேஸ்வரம். புதுப் பாம்பன் பாலம் ஏப்ரலில் திறந்ததிலிருந்தே அம்மாவுக்கு அந்த ரயிலில் போக வேண்டும் என்று ஆசை. பாசஞ்சரில் இரண்டு பேருக்கும் சேர்த்து 100 ரூபாய்கூட ஆகவில்லை. வண்டி பாலத்தில் ஊர்ந்து போகும்போது பெட்டியில் எல்லோரும் எழுந்து ஜன்னலுக்கு வந்துவிட்டார்கள். பக்கத்தில் 1914-இன் பழைய பாலம் வெறுமனே நிற்பதைப் பார்க்க மனசு கனத்தது.

அன்றைய சந்தோஷத்தை ஒரு ஆட்டோக்காரர் கெடுத்தார். தனுஷ்கோடிக்கு டவுன் பஸ் உண்டு என்று தெரிந்துதான் போனோம். “பஸ்ஸு இன்னிக்கு ஓடலைம்மா, ஏதோ பிரச்சினை” என்றார். 1,500 கேட்டு 1,200-க்கு வந்தார். பாதி வழியில் தனுஷ்கோடி பஸ் எங்களைத் தாண்டிப் போனது, அதுவும் பாதி காலியாக! கேட்டதற்கு, “அது இப்பதான் விட்டிருப்பாங்க” என்கிறார். அன்றைய மொத்தச் செலவே 2,350, அதில் பாதிக்கு மேல் அந்த ஆட்டோ. ஆறு மாதமாகியும் எனக்குக் கோபம் போகவில்லை. நீங்கள் போனால் பஸ் ஸ்டாண்டில் கண்டக்டரிடம் மட்டும் கேளுங்கள், வேறு யாரிடமும் கேட்காதீர்கள்.

ஆனால் தனுஷ்கோடி தனுஷ்கோடிதான். ஒரு பக்கம் அலையடிக்கும் ஆண் கடல், மறுபக்கம் அமைதியான பெண் கடல். 1964 டிசம்பர் புயலில் ரயிலோடு ஊரே போனது. மிச்சமிருக்கும் தேவாலயச் சுவரின் பவளக்கல்லை அம்மா தொட்டுப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை.

ஜூலையில் குற்றாலம். மாட்டுத்தாவணியில் ஏறிய பஸ்ஸில் எங்கள் சீட்டுக்கு மேலே கூரை ஒழுகியது. ராஜபாளையம் தாண்டி மழை பிடித்ததும் நான் பஸ்ஸுக்குள் குடையை விரித்தேன். ஜன்னல் ஷட்டர் பாதியில் மாட்டிக்கொண்டு இறங்கவே இல்லை. அம்மாவின் புடவை தொப்பலாக நனைந்தது. கண்டக்டரிடம் சொன்னால், “டிப்போல சொல்லுங்க” என்கிறார். முழு டிக்கெட் வாங்குகிறார்கள், உட்காரக் காய்ந்த இடம் தர வேண்டாமா? போய்ச் சேர்ந்தால் மெயினருவியில் வெள்ளம், குளிக்கத் தடை. ஐந்தருவியும் அப்படியே. தள்ளி நின்று சாரலை மட்டும் வாங்கிக்கொண்டோம்.

அந்த நாளைக் காப்பாற்றியது செங்கோட்டைப் பக்கம் புரோட்டாவுக்குப் பேர்போன பிரானூர் பார்டர். வாழை இலையில் புரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, சால்னாவை அது ஊறும் வரை ஊற்றி, பக்கத்தில் மிளகு தூக்கலாகக் கோழி வறுவல். நனைந்த உடம்புக்கு அந்தக் காரம் உள்ளே இறங்கியது இன்னும் நாக்கில் இருக்கிறது. வெளியில் அதிகம் சாப்பிடாத அம்மா மூன்று புரோட்டா சாப்பிட்டார். பில் 410 ரூபாய். மறுபடி குற்றாலம் போனால் அருவியில் தண்ணீர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, பார்டருக்குப் போகாமல் திரும்ப மாட்டேன்.

ஆகஸ்டில் கீழக்குயில்குடி சமணர் மலை, அக்டோபரில் திருவில்லிபுத்தூர் (பால்கோவா அரை கிலோ), நவம்பரில் அரிட்டாபட்டி. மூன்றும் அரை நாள்தான், செலவும் குறைவு.

கழுகுமலைக்குப் போகிறவர்களுக்கு: பாறை சுடுவதற்குள், ஒன்பது மணிக்கு முன்னால் ஏறிவிடுங்கள், தண்ணீர் கீழேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது தரங்கம்பாடி என்று அம்மா முடிவு செய்துவிட்டார். 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை கடலைப் பார்த்து நிற்கிறதாமே என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். அது ஒரே நாளில் ஆகாது, ஒரு ராத்திரி தங்க வேண்டும். மயிலாடுதுறையில் அறை வாடகை என்ன என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். 800-க்குள் கிடைத்தால் பொங்கல் கழிந்ததும் கிளம்பிவிடுவோம்.