கூடம் பூட்டியிருந்த வாரங்கள்

நகரத்தில் முன்பிருந்த ஓவியக்கூடத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் பலரும் திறப்பு விழாக்களையும் சுவரில் இருந்த படங்களையும்தான் சொல்வார்கள். அங்கே வேலை பார்த்தவர்கள் மனதில் நிற்பது ஒரு கண்காட்சி இறங்கி அடுத்தது ஏறும் இடைவெளி. கூடத்தின் தரம் முடிவானது அந்த வாரங்களில்தான்.

வெளியிலிருந்து வரும் பெட்டிகளை வந்த கையோடு திறக்க மாட்டார்கள். 24 மணி நேரம் கூடத்துக்குள் கிடந்து, அறையின் வெப்பநிலைக்கு வர வேண்டும். குளிர்ந்த பெட்டியை உடனே திறந்தால் கண்ணாடியிலும் வண்ணப்பரப்பிலும் நீர் பூத்துவிடும். பிறகு அறையை இருட்டாக்கி, டார்ச்சைப் படத்தின் பக்கவாட்டில் சாய்த்துப் பிடிப்பார்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாத உப்பல்களும் உரியத் தொடங்கிய வண்ணமும் நிழல் விழுந்து தெரியும். அவற்றைத் தாளில் படம் வரைந்து குறித்துத் தேதியிட வேண்டும். விரிசல் இங்கே வந்ததா, வழியில் வந்ததா என்ற தகராறில் அந்தத் தாள்தான் சாட்சி.

மாட்டுவதில் கணக்குத் தவறினால் சுவர் முழுக்க ஓட்டைதான். படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 150 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். படத்தின் உயரம் 80 செ.மீ. என்றால் பாதி 40. பின்புறக் கம்பியை மேல்நோக்கி இழுத்துப் பிடித்தால் அது மேல் விளிம்புக்கு 10 செ.மீ. கீழே நிற்கிறது. 150 + 40 − 10. கொக்கி 180 செ.மீ. உயரத்தில். கம்பியைத் தளர்வாக விட்டு அளந்தால் இந்தக் கணக்கு பொய்த்துப்போகும். கொக்கி இரண்டு என்றால் இரண்டு விரலால் இழுத்து அளக்க வேண்டும். ஒற்றைக் கொக்கி வேண்டவே வேண்டாம். கதவு அடித்துச் சாத்தும் அதிர்விலேயே படம் சாய்ந்துவிடும்.

படத்தின் மேல் விழும் வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். நீர்வண்ணத்துக்கு 50 லக்ஸ், எண்ணெய் வண்ணத்துக்கு 200 லக்ஸ் வரை. இருட்டாக இருக்கிறது என்று பார்வையாளர்கள் குறைப்படுவார்கள், ஆனாலும் விட்டுக்கொடுக்கக் கூடாது. ஒளியின் சேதம் கூடிக்கொண்டே போவது. 50 லக்ஸில் நான்கு மாதம் தாங்குவதை 200 லக்ஸ் ஒரே மாதத்தில் தீர்த்துவிடும். வெளுத்த நிறத்தை யாராலும் மீட்க முடியாது.

மூலையில் ஈரப்பதத்தைப் பதியும் கருவி ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். அதன் உயிர் ஒரு கற்றை மனித முடி. காற்று ஈரமானால் முடி நீளும், காய்ந்தால் சுருங்கும். முழு வறட்சிக்கும் முழு ஈரத்துக்கும் இடையே நீளத்தில் சுமார் 2 சதவீத வித்தியாசம்தான். அதை நெம்புகோல் பெரிதாக்கி, சுழலும் உருளைமேல் மைக்கோடாக இழுக்கும். வாரம் ஒரு முறை தாள் மாற்ற வேண்டும். நாளாக ஆக முடி மந்தமாகிக் கோடு தட்டையாகும். அதை ஈரப்பதம் சீராக இருக்கிறது என்று நம்பிவிட்டால் ஆபத்து. ஈரத்துணியால் கருவியைச் சுற்றி மூடி முடிக்கு உணர்வு வரவைத்து, வேறொரு கருவியோடு ஒப்பிட்டு முள்ளைத் திருத்துவார்கள். இன்றைய டிஜிட்டல் கருவி இதைவிடத் துல்லியமானதுதான். ஆனால் நேற்று மாலை கூட்டம் நிறைந்தபோது கோடு ஏறியதைக் கடந்துபோகிற எல்லோரும் பார்க்க முடிந்தது அந்தத் தாளில்தான்.

கூடத்தை மூடும்போது முதலில் தொலைவது படங்களின் பின்புறம். உரிமையாளர் சீட்டு, ஒவ்வொரு கண்காட்சியின் சீட்டு, சாக்கட்டியில் எழுதிய எண் என்று ஒரு படத்தின் வரலாறு முழுவதும் அங்கேதான் இருக்கும். படச்சட்டம் மாற்றுகிறவர் பின்புறத்துப் பழைய அட்டையைக் கழற்றி வீசிவிடுவார். அப்படியொரு கூடத்திலிருந்து வந்த படம் உங்களிடம் இருந்தால், சட்டத்தில் கைவைப்பதற்கு முன் பின்புறத்தைப் புகைப்படம் எடுத்துவிடுங்கள். சீட்டை உரிக்காதீர்கள், கிழிந்துவிடும். அது ஒட்டியிருக்கும் அட்டையோடு சேர்த்து வெட்டியெடுத்து, ஒளிபுகும் பாலியஸ்டர் உறையில் போட்டு, புதிய அட்டையின் வெளிப்பக்கம் பொருத்துங்கள்.